பிறவாக் குழவிக்கு ஒரு காப்பு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரை)



அம்மாபேட்டையில் ஒருவர் கவிதை எழுதுபவர் என்பது தெருவினர்க்குத் தெரிந்துவிட்டால், அவர் வீட்டுக் கதவு மூன்று காரணங்களுக்காகத் தட்டப்படும். திருமணத்திற்கு வாழ்த்துமடல் வேண்டும். மணிவிழாவிற்குப் பாராட்டுப்பா வேண்டும். இறந்தவரின் பதினாறாம் நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி வேண்டும். அண்மைக் காலத்தில் நான்காவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "பெண்ணுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம், பத்திரிகையில் போட எட்டு வரி எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று கேட்டு வருகிறார்கள். முதல் மூன்றுக்கும் கவிஞர் தயங்குவதில்லை. கொங்கு நாட்டுத் திருமணத்தில் குடிமகன் பாடுவதும் கம்பர் பெயரால் வழங்குவதுமான மங்கல வாழ்த்து அவர் காதில் இருக்கிறது. இறந்தவரைப் பாடக் கையறுநிலை என்னும் துறையே இருக்கிறது. நான்காவதற்கு எந்த இலக்கணத்தைப் புரட்டுவது? சற்று நேரம் சுவரைப் பார்த்திருந்துவிட்டு, வீரத் திருமகன் விரைவில் வருக என்பது போல ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்தனுப்புகிறார். எதுகையும் மோனையும் கெடுவதில்லை. கெடுவது வேறொன்று. அதனைப் பற்றியதே இவ்வுரை.

குழவியைப் பாடத் தமிழில் இலக்கியம் இல்லாமல் இல்லை; பிள்ளைத்தமிழ் இருக்கிறது. தனி நூலாக நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் முந்தையது ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். ஒட்டக்கூத்தரைத் தம் குலத்தவர் எனப் போற்றும் செங்குந்தர் நிறைந்த அம்மாபேட்டையில் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைத்தமிழ் எப்போது தொடங்குகிறது? காப்புப் பருவத்தில். காப்போ, குழந்தை பிறந்த பின்னர்ப் பாடப்படுவது. இரண்டாம் திங்களா மூன்றாம் திங்களா என்று கணக்கு வேறுபடலாமே ஒழிய, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எவரும் பருவம் வகுக்கவில்லை. காரணம் ஊகிக்கத்தக்கதே. ஆண்பாற் பிள்ளைத்தமிழா பெண்பாற் பிள்ளைத்தமிழா என்று துணியாமல் புலவர் ஏடு எடுக்க இயலாது. சிறுபறையா அம்மானையா என்பது தெரிந்தாக வேண்டும். ஆயினும் காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. பால் பிரிவது எட்டாவதில்தான். புலவர்கள் எண்ணியிருந்தால் கருவிற் குழவிக்கு அந்தப் பொதுப் பகுதியிலேயே இடம் இருந்தது. எண்ணவில்லை.

பிள்ளைத்தமிழுக்கு மிக முற்பட்ட சங்கப் புலவர்கள் சூல் மகளிரைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்று 20ஆம் பாட்டை இம்மன்றத்தார் அறிவர். இரும்பொறையின் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண மாட்டார். சூல்கொண்ட மகளிர் வேட்கை மிகுந்து உண்டால்தான் உண்டு என்பது அதன் கருத்து. மண்ணை உண்ணுதல் என்றால் நாட்டைக் கவர்தல். அரசனின் வலிமையைச் சொல்ல வந்த புலவர்க்கு, சுவரோரத்தில் ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெண் நினைவுக்கு வருகிறாள். ஒரு நாட்டின் காவல் அந்தப் பெண்ணின் அச்சமின்மையால் அளக்கப்படுகிறது. குறுந்தொகை 287ஆம் பாட்டைப் பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். நீர் சுமந்து மேலேற முடியாமல் தளரும் கார்மேகத்திற்கு, பசும்புளியை விரும்பும் நிறைசூல் மகளிரை உவமையாக்குகிறார். சுமையும் தெரிகிறது, நாவூறுவதும் தெரிகிறது. பெண் பாடிய பாட்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா. இவ்விரு பாட்டிலும் ஆண்மகவு வேண்டும் என்ற பேச்சே இல்லை என்பது நோக்கத்தக்கது. சங்கம் முழுவதுமே அப்படி என்று சொல்வதற்கில்லை; புறத்தில் மகனைப் பெற்றுப் போருக்கு அனுப்பிய மறக்குடித் தாயர் நிறைய உண்டு. எனினும், சூல் கொண்டவள் என்ன விரும்புகிறாள் என்று கேட்ட ஒரு மரபு நம்மிடம் இருந்தது. நன்னாகையார் கண்ட அந்தப் புளி இன்னும் போய்விடவில்லை. சேர நாடாக இருந்த கேரளத்தில் இந்தச் சடங்கின் பெயரே புளிகுடி. சேலத்து வளைகாப்பில் முதலில் தீர்ந்து போகும் சோறும் புளிச்சோறுதான்.

வடமொழிச் சடங்கு நூல்கள் இதனை வேறு விதமாக அணுகின. பிறப்பதற்கு முன் செய்யும் கரணங்களாக அவை கருப்பாதானம், பும்சவனம், சீமந்தம் என்னும் மூன்றைக் கூறும். பும்சவனம் என்ற சொல்லின் பொருளே ஆண்மகவைப் பெறுவித்தல் என்பது. ஆசுவலாயனரின் கிருகிய சூத்திரத்தில் மூன்றாம் திங்களில் கணவன் மனைவிக்குத் தயிரில் இரண்டு அவரை விதையும் ஒரு வாற்கோதுமை மணியும் இட்டுக் குடிக்கத் தருகிறான். என்ன குடிக்கிறாய் என்று கேட்கிறான். அவள் ஆண்மகவுப் பேற்றை என்று மும்முறை விடை சொல்ல வேண்டும். ஆபத்தம்பர் வழியில் ஆலங்கொழுந்தை இடித்து எடுத்த சாற்றை அவளது வலது நாசியில் விடுவர். இங்கே பெண்ணிடம் ஒரு வினா கேட்கப்படுகிறது என்பது உண்மை; ஆனால் விடை முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

சீமந்தம் அப்படிப்பட்டதன்று. முள்ளம்பன்றியின் முள்ளாலும், பழுக்காத அத்திக்காய்க் கொத்தாலும், தருப்பைக் கற்றையாலும் கணவன் மனைவியின் தலைமயிரை முன்னிருந்து மேல்நோக்கி வகிர்ந்து விடுகிறான். பிறகு வருவதுதான் கவிஞர்கள் காதில் விழ வேண்டிய செய்தி. வீணை வாசிப்போர் இருவரை அழைத்துப் பாடச் சொல்ல வேண்டும் என்கிறது நூல். சோம அரசனை மக்களினத்திற்கு அருளுமாறு வேண்டும் அந்தச் சிறு பாட்டில், அவர்கள் எந்த ஆற்றின் கரையில் குடியிருக்கிறார்களோ அந்த ஆற்றின் பெயரைச் சொல்லியாக வேண்டும். கருவிலிருக்கும் குழவிக்கு ஊரைக் காட்டும் பாட்டு அது. இன்னொன்றும் அந்நூலில் உண்டு. கணவனும் மக்களும் உயிரோடு வாழும் முதிய பார்ப்பனிமார் என்னென்ன சொல்கிறார்களோ அவற்றையும் செய்க என்று விதித்துவிட்டு நூல் ஒதுங்கிக்கொள்கிறது. பிள்ளை பெற்றவர்க்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்பதை ஒரு சாத்திர நூல் இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அரிது. அந்த முதியவளை எண்ணும்போது, கணவனும் மக்களும் வாழ்பவளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நெஞ்சில் உறுத்தாமலும் இல்லை.

முதிய பெண்களிடம் நூல் விட்டுக்கொடுத்த அந்த இடத்தில்தான் நம் வளைகாப்பு நிற்கிறது. இதற்கு மந்திரம் இல்லை, ஓதுபவர் இல்லை, ஆண்கள் திண்ணையிலோ பந்தலிலோ அமர்ந்திருப்பார்கள். ஏழாம் திங்களிலோ ஒன்பதாம் திங்களிலோ, ஒற்றைப்படைத் திங்களாகப் பார்த்து, பெண்ணை மணையில் அமர்த்திக் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, முதலில் வேப்பிலைக் காப்பைக் கட்டுவது சில குடும்பங்களின் வழக்கம். பிறகு கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்புமாக முழங்கை வரை ஏறும். வந்த பெண்களுக்கும் வளையல் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் இதனோடு இணைந்தது கட்டுச்சோறு. தாய்வீட்டார் புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என வகை வகையாக ஆக்கிக் கட்டி எடுத்து வந்து, மகளுக்கு ஊட்டி, அவளைத் தம் வீட்டிற்கு அழைத்துச் செல்வர். கட்டுச்சோறு என்பது வழிநடைச் சோறு. ஊர்விட்டு ஊர் நடந்தும் வண்டி கட்டியும் வந்த காலத்துச் சொல் அது. மகளின் பேறுகாலம் நெருங்கும்போது தாய் வந்து சேர்ந்துவிட்டாள் என்பதே அந்தப் பாத்திரங்களின் பொருள்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோயில் இறைவன் தாயுமானவர் ஆன கதையும் இந்தச் சோற்றின் மறுபக்கந்தான். பேறுகாலத்தில் இருந்த செட்டிப்பெண் இரத்தினாவதிக்குத் துணையாக வர வேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இறைவன் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தான் என்கிறது தலபுராணம். கட்டுச்சோறு வந்து சேராத வீட்டிற்கு இறைவனே நடந்து வர வேண்டியதாயிற்று. சம்பந்தரும் அப்பரும் பாடிய, பாபநாசம் வட்டத்துத் திருக்கருகாவூர்த் தலக்கதையும் இத்தகையதே. கருவுற்றிருந்த வேதிகை சோர்வு மிகுதியால் எழுந்து வந்து பிச்சையிட இயலவில்லை. சினந்த முனிவர் சபித்தார், கரு கலைந்தது. அம்மை அக்கருவைக் குடத்தில் ஏந்திக் காத்துப் பிள்ளையாகத் தந்தாள். கருக்காத்த நாயகி என்னும் பெயர் பெற்றாள். விருந்தோம்பலை அறத்தின் உச்சியில் வைத்த ஒரு நாட்டில், தளர்ந்திருக்கும் சூலி விருந்தினர்க்கு எழ வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னது ஒரு பெண் தெய்வம். அங்கே இன்றும் பேறு எளிதாக வேண்டிப் பெண்கள் வாங்கிச் செல்வது விளக்கெண்ணெய். இவ்விரு கதைகளிலும் வரம் என்பது பிறக்கப் போகும் பிள்ளை என்ன ஆகும் என்பதைப் பற்றியதன்று. தாயும் பிள்ளையும் பிழைப்பதைப் பற்றியது.

பிள்ளை என்ன ஆகும் என்பதிலேயே கண்ணாக இருந்த கதை ஒன்று பெரியபுராணத்தில் உண்டு. கோச்செங்கட் சோழரின் தாய் கமலவதி. பேறு நெருங்கிய வேளையில், ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் இப்பிள்ளை மூவுலகும் ஆளும் என்று காலக்கணிதர் சொன்னார்கள். அரசி தன்னைக் காலில் கட்டித் தலைகீழாகத் தூக்குமாறு சொன்னாள். நாழிகை கழிந்தது; கட்டு அவிழ்க்கப்பட்டது; காலம் தாழ்ந்ததால் சிவந்த கண்களோடு பிள்ளை பிறந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைத்த அளவில் தாய் உயிர் நீத்தாள். இக்கதையைத் தாயின் தியாகமாகச் சொல்லிச் செல்வதே சொற்பொழிவாளர் வழக்கம். நாழிகை குறித்துக் கொடுத்தவர்களைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்வதில்லை. இன்று சிசேரியனுக்கு நட்சத்திரமும் ஓரையும் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்கள் நம் தெருக்களிலும் இருக்கின்றன. கயிறு மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2001 முதல் 2003 வரையான காலத்தில் ஓர் இலட்சம் பேற்றுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018 முதல் 2020 வரையான கணக்கில் அது 54. இதைச் சாதித்தவர்கள் நாழிகை பார்த்தவர்கள் அல்லர். குருதி அழுத்தம் பார்த்த கிராம செவிலியர்கள்.

சேலத்தில் நின்றுகொண்டு பிறவாக் குழவியைப் பற்றிப் பேசுகிறவர் ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. 1992ஆம் ஆண்டு தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது சேலத்திலிருந்து பிரிந்திருக்கவில்லை. 1997இல்தான் தனி மாவட்டமாயிற்று. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், இங்கே விட்டுச் செல்லுங்கள் என்று ஓர் அரசு தொட்டில் கட்டி வைக்க நேர்ந்தது. 1991, 2001 ஆகிய இரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதிற்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 850ஐ ஒட்டியே இருந்தனர். கருவிலேயே பால் அறிந்து கூறுவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. கருத்தம்மா திரைப்படம் 1994இல் வந்தபோது அது மதுரைப் பக்கத்துக் கதை என்று சொல்லிக்கொள்வது இங்கே வசதியாக இருந்தது.

வளைகாப்பு இந்தக் கணக்கில் குற்றமற்றதா? அது நாம் கேட்க அஞ்சும் வினா. பெண்ணைப் பெற்றவர்க்குத் திருமணத்தோடு செலவு முடிவதில்லை. வளைகாப்பிற்குத் தங்க வளையல், கட்டுச்சோற்றுக்கு உறவுத் திரள், தலைப்பேறு தாய்வீட்டில், பிறகு தொட்டில் சீர், தாய்மாமன் மடியில் காது குத்து. நெசவுக்குக் கூலி பெறும் வீட்டில் பாவு முதலாளியிடம் முன்பணம் வாங்காமல் இவற்றுள் எதுவும் நடப்பதில்லை. இந்தச் சீர்வரிசையை மனத்தில் கூட்டிப் பார்த்துத்தான், அடுத்ததும் பெண்ணா என்று ஒரு வீடு பெருமூச்சு விடுகிறது. கண்ணாடி வளையலுக்கு அந்த வலிமை இல்லை. அதன் மேல் நாம் ஏற்றிய தங்கத்திற்கு உண்டு.

இதனினும் நுண்ணிய செய்தி ஒன்று இருக்கிறது. வளைகாப்பு தலைச்சூலுக்கே உரியது. ஆபத்தம்பர் நூலும் சீமந்தத்தை முதற்கருவிற்கே விதிக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு யாரும் சந்தனம் அரைப்பதில்லை. மூன்றாவதைப் பற்றிச் சொல்ல வேண்டா. ஆனால் நம் மாவட்டத்தில் அழிந்த பெண் குழவிகள் எந்த வரிசையில் பிறந்தவை? பெரும்பாலும் தலைப்பிள்ளைகள் அல்லர். முதலாவது பெண் என்றால் வீடு பொறுத்துக்கொண்டது. இரண்டாவதாக, மூன்றாவதாக வந்தவைதாம் பொறுக்கப்படாமல் போயின. முதற்கருவிற்கு முழங்கை வரை வளையல். உயிருக்கே ஊறு நேரக்கூடிய மூன்றாம் கருவிற்கு வெறுங்கை. எந்தச் சூலுக்குக் காப்பு மிகத் தேவையோ அந்தச் சூலுக்குக் காப்பே இல்லை.

இந்த இடத்தில் கவிஞரின் எட்டு வரிக்குத் திரும்பலாம். அபிமன்யு சுபத்திரையின் வயிற்றிலிருந்தே சக்கர வியூகத்தைக் கேட்டான் என்பதும், பிரகலாதன் தாய் கயாதுவின் வயிற்றிலிருந்து நாரதரைக் கேட்டான் என்பதும் வளைகாப்பு மேடைகளில் தவறாமல் சொல்லப்படுபவை. ஐந்தாறு திங்கள் கடந்த கரு ஒலியை உணரும் என்று மருத்துவமும் சொல்கிறது. ஆயினும் குழவி கேட்பதற்கு முன் தாய் கேட்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியும். அழைப்பிதழில் திருமகன் என்று படித்த நாளிலிருந்து, மகளாக இருந்தால் என்ன செய்வது என்ற எண்ணத்தை அவள்தான் சுமக்கிறாள். வாழ்த்து என்று அனுப்பிய சொல் அவள் கையில் ஆணையாகப் போய்ச் சேர்கிறது.

நம் உரைகாரர்களும் இதற்கு விலக்கல்லர். திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தை மணக்குடவர் மக்கட்பேறு என்றே கொண்டார். பரிமேலழகரோ அதனைப் புதல்வரைப் பெறுதல் என்று தலைப்பிட்டு, தென்புலத்தார் கடனைக் காட்டி விளக்கத் தொடங்குகிறார். அறிவுடைய மக்கள் என்று வள்ளுவர் பொதுவாகச் சொன்ன இடத்தில், அறிவு என்ற சொல் வந்திருப்பதால் அது பெண்மக்களை நீக்கி நின்றது என்று உரை வரைகிறார். அவரைப் போல நுட்பமாகக் குறளைப் பிரித்துப் பார்த்தவர் வேறு யார் என்று கேட்குமளவிற்குப் பேரறிஞர் அவர். அப்பேரறிஞரின் கை வழுக்கிய இடம் எது என்பதை மாணவர்க்குச் சொல்லித் தருவதும் ஆசிரியர் கடமையே.

பால் தெரியாத ஒன்றை எப்படி விளிப்பது என்று கவிஞர் மலைக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் வழி காட்டியிருக்கிறார். கிளவியாக்கத்தில் குடிமை, ஆண்மை, இளமை, மூப்பு எனத் தொடங்கும் ஒரு பட்டியல் உண்டு. உயர்திணைப் பொருளையே குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் அவை. மகவு, குழவி என்னும் இரண்டும் அப்பட்டியலில் உள்ளன. குழவி அழுதது என்கிறோம். அழுதான் அழுதாள் என்று பிரிப்பதில்லை. இழிவு கருதி அஃறிணை ஆக்கியதன்று இது. பால் பிரித்து அறிய வேண்டாத ஒரு காலம் மனிதப் பிறவிக்கு உண்டு என்பதை இந்த மொழி தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது. மற்ற மொழிகளைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாத இடங்களுள் இது ஒன்று. மகனே வருக என்று எழுதியவர், மகவே வருக என்று எழுதினால் தளை தட்டாது. நிரைநேராக இருந்தது நிரைநேராகவே இருக்கும்.

எப்படி விளிப்பது என்பதற்கு விடை இது. எதைச் சொல்வது என்பதற்கு மணிவாசகர் இருக்கிறார். போற்றித் திருவகவலில், யானை முதல் எறும்பு ஈறாக உள்ள பிறவிகளைக் கடந்து மானுடப் பிறப்பிற்கு வந்து, தாய் வயிற்றிலிருக்கும் ஒவ்வொரு திங்களையும் அடிகளார் எண்ணிச் செல்கிறார். முதல் திங்களுக்கு ஓர் இடர், இரண்டாம் திங்களுக்கு ஓர் இடர், நான்காவதில் பேரிருள், ஏழாவதில் காலமல்லாக் காலத்தில் மண்ணில் விழும் அச்சம். ஒவ்வொன்றிலும் வினை ஒன்றுதான்: பிழைத்தல். பத்தாம் திங்களில் தாயும் உடன் வருகிறாள். அவளோடு சேர்ந்து குழவி படும் துன்பத்தைக் கடலாகச் சொல்கிறார். வைதிக சமயத்தில் ஊறிய, அமைச்சராக இருந்த ஓர் ஆடவர், கருவில் இருந்தது ஆண் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. கரு பிழைத்தது என்பதே அவர்க்குச் செய்தி. பின்னால் வரும் கல்வி, செல்வம், வறுமை எல்லாவற்றையும் அதே வினையால்தான் கடக்கிறார். பிறவியை அறுக்க வேண்டும் என்று பாட வந்தவரின் பாட்டு அது. வாழ்த்துப்பா அன்று என்று சிலர் மறுக்கக்கூடும். மறுப்பு நியாயமானதே. ஆயினும் பத்துத் திங்களையும் ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றிலும் இக்குழவி தப்பியது என்று மூச்சு விடுபவரின் குரலில் ஒரு செவிலித்தாயின் கவலை இருக்கிறது. வளைகாப்பு அழைப்பிதழுக்கு இதைவிட நெருங்கிய முன்மாதிரி தமிழில் இல்லை.

காப்பு என்ற சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கையில் அணிவது காப்பு. பிள்ளைத்தமிழின் முதற்பருவம் காப்பு. நூல் தொடங்குமுன் பாடும் பாட்டும் காப்பு. மூன்றுக்கும் அடியில் உள்ள வினை காத்தல். அப்படியாயின் பிள்ளைத்தமிழின் காப்புப் பருவத்தைப் பிறப்பிற்குப் பின்னால் மூன்றாம் திங்களிலிருந்து, பிறப்பிற்கு முன்னால் ஏழாம் திங்களுக்கு நகர்த்துவது மரபை மீறியதாகாது. பாட்டியல் நூலார் தடுக்கப் போவதில்லை. திருமாலை முதலில் வைத்துத் தெய்வங்களை அடுக்க விரும்புபவர் அடுக்கலாம். கடவுளை விட்டுவிட்டு மருத்துவச்சியையும் அங்கன்வாடிப் பணியாளரையும் காக்கச் சொல்ல விரும்பும் பகுத்தறிவாளர் அப்படியும் பாடலாம். தமிழக அரசு அங்கன்வாடிகள் வழியே நடத்தும் சமுதாய வளைகாப்பில் பல சாதிப் பெண்கள் ஒரே வரிசையில் அமர்ந்து வளையல் அணிகிறார்கள். மாலையும் சோறும் சத்துணவு அறிவுரையும் உண்டு, பாட்டுத்தான் இல்லை.

காப்புப் பாட வருபவர் மணைக்கு அருகில் நின்று வளையல் அடுக்கும் பெண்களையும் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். கணவனை இழந்த தாய், தான் பெற்ற மகளுக்கு வளையலிட முன்வராமல் அடுக்களையில் நின்று புளிச்சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பாள். பிள்ளையில்லாத நாத்தனாரை, அடுத்தது உனக்குத்தான் என்று சொல்லி இழுத்து உட்கார வைத்து வளையலிடுவார்கள். அன்பாகச் செய்வதுதான், அவள் முகம் எப்படிப் போகிறது என்பதை அந்நேரம் எவரும் பார்ப்பதில்லை. சாத்திரம் முதிய பெண்களின் சொல்லுக்கு விட்ட இடத்தில் முதிய பெண்கள் இதனை மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள். அம்மா கையால் முதல் வளையல் போட்டால்தான் ஆயிற்று என்று அடம்பிடித்து அடுக்களையிலிருந்து தாயை அழைத்து வரச் செய்யும் பெண்களை இப்போது சேலத்திலும் காணலாம்.

இம்மன்றத்துக் கவிஞர்கள் அடுத்த முறை எட்டு வரி கேட்டு வருபவரிடம் இரண்டு செய்திகளைக் கேட்டுவிட்டு எழுதத் தொடங்கலாம். ஒன்று, பெண்ணின் பெயர். வளைகாப்பு அழைப்பிதழ்களில் பெரும்பாலும் பெற்றோர் பெயரும் மாமன் மாமியார் பெயரும் தடித்த எழுத்தில் இருக்க, சூல் கொண்டவளின் பெயர் சிறிய எழுத்தில் கிடக்கும். மற்றொன்று, இது எத்தனையாவது சூல் என்பது. தலைச்சூல்தான் என்பார்கள். மூன்றாவதற்கும் வாருங்கள், எழுதித் தருகிறேன், மடலுக்குக் காசு வேண்டா என்று சொல்லியனுப்பலாம். வருவார்களா என்பது வேறு. சொல் ஒரு முறை அந்த வீட்டுக்குள் போய்விட்டால் அங்கேயே கிடக்கும்.

பாட்டில் ஆற்றின் பெயர் வர வேண்டும் என்ற பழைய விதியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். நமக்கு ஆறு திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரை ஊடறுத்து, நாமக்கல் மாவட்டத்தின் வழியே சென்று காவிரியில் கலப்பது. ஊர்ச் சாக்கடையும் சாயக்கழிவும் சுமந்து, பாலத்தின் மேல் போகிறவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படி ஓடுகிறது. பெயரில் மட்டும் மணியும் முத்தும் உள்ளன. அந்தப் பெயரைக் கருவிற் குழவிக்குச் சொல்ல வேண்டிய அடியில் கவிஞர் பேனாவை எடுத்துவிட்டுச் சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.